60,000 சதுர மீட்டர்: வேக்ஃபீல்டு டிரினிட்டிக்கு வராத மைதானம்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், எம்62 நெடுஞ்சாலையின் 30-ஆம் சந்திப்பை ஒட்டி நியூமார்க்கெட் என்று ஓரிடம் இருக்கிறது. 2012 டிசம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அங்கே ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். பெரிய பெரிய கிடங்குகள், ஒரு ஹோட்டல், கூடவே வேக்ஃபீல்டு டிரினிட்டி என்ற ரக்பி லீக் கிளப்புக்காக 12,000 பேர் கொள்ளும் சமுதாய மைதானம். கிடங்குகள் வந்தன. மைதானம் வரவில்லை.

சொந்தப் பணம் இல்லாத ஒரு சின்ன கிளப், டெவலப்பரை நம்பி மைதானக் கனவில் இறங்கினால் எங்கே சறுக்கும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான கேஸ் எனக்குத் தெரிந்து இல்லை. ஏமாற்றியது யார் என்று அந்த ஊர் ரசிகர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுவிட்டார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. டெவலப்பர் எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரத்தை மட்டும் பார்ப்போம். உறுதிமொழி கொடுத்தது யார், அதை அமல்படுத்தும் உரிமை யாருக்கு, எதை எண்ணிக்கையில் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது. பதில் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கிளப்பும் அதன் பழைய வீடும்

ரக்பி லீக் என்பது 13 பேர் ஆடும் ரக்பி. 15 பேர் ஆடும் ரக்பியிலிருந்து 1895-இல் பிரிந்தது. பிரிந்த காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு ஆட வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாமா என்ற தகராறில் வடக்கத்திக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனி அமைப்பு கண்டன. டிரினிட்டி அதன் ஸ்தாபகக் கிளப்புகளில் ஒன்று. கிளப் அதற்கும் மூத்தது. 1873-இல் ஹோலி டிரினிட்டி தேவாலயத்து இளைஞர்கள் தொடங்கியது.

டான்காஸ்டர் சாலையில் உள்ள பெல் வ்யூ மைதானம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அவர்களுடைய வீடு. வரிசை வீடுகளுக்கு நடுவே, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. 1936-இல் லீட்ஸும் ஹடர்ஸ்ஃபீல்டும் மோதிய சேலஞ்ச் கோப்பை அரையிறுதிக்கு 37,906 பேர் இங்கே வந்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தைப் பார்த்தால் அத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்று நம்பவே முடியாது. கிளப்பின் பொற்காலம் 1960-கள். 1968-இல் வெம்ப்ளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில், வெள்ளக்காடான தரையில், கடைசி நிமிடத்தில் டான் ஃபாக்ஸ் கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே நின்று உதைத்த பந்து விலகிப் போய் 11–10 என்று லீட்ஸிடம் தோற்றார்கள். இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆங்கிலேயர்களுக்குக்கூட அந்த ஒரு உதை தெரியும். காயத்தால் அன்று ஆடாமல் இருந்த அவருடைய தம்பி நீல் ஃபாக்ஸ்தான் ரக்பி லீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர்: 6,220. அவர் பெயர் இந்தக் கதையில் இன்னொரு இடத்தில் வரும்.

1998-இல் இரண்டாம் நிலை லீக்கின் இறுதியில் ஃபெதர்ஸ்டோன் கிளப்பை வென்று 1999-இல் டிரினிட்டி, ரக்பி லீக்கின் உச்ச நிலையான சூப்பர் லீக்குக்குள் வந்தது. வந்த இடத்தில் மைதானம்தான் தலைவலி. திறந்தவெளிப் படிக்கட்டுகள், பழைய ஸ்டாண்டுகள், வருமானத்துக்கு வழியில்லாத கட்டடங்கள். 2009-இலிருந்து சூப்பர் லீக் உரிம முறைக்கு மாறியது. களத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது, கிளப்பின் நிதி, ரசிகர் கூட்டம், மைதானம் எல்லாவற்றையும் பார்த்து மூன்றாண்டுக்கு ஒருமுறை இடம் கொடுப்பார்கள். 2012–14 காலத்துக்கான தேர்வு நெருங்கிய 2011 பிப்ரவரியில் டிரினிட்டி திவால் நிர்வாகத்துக்குப் போனது. புது உரிமையாளர் வந்து காப்பாற்றினார். அந்த ஜூலையில் வேல்ஸ் நாட்டின் க்ரூசேடர்ஸ் கிளப் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் டிரினிட்டிக்கு உரிமம் தங்கியது. இப்படி நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த கிளப்புக்கு நியூமார்க்கெட் திட்டம் என்னவாகத் தெரிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மைதானம்தான் சாவி

நியூமார்க்கெட் வெறும் காலி நிலமாக இருந்திருந்தால் கதை வேறு. அது பசுமை வளையம். நகரங்கள் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்துவிடாதபடி இங்கிலாந்தில் ஊர்களைச் சுற்றிக் காத்துவைத்திருக்கும் நிலம். அங்கே கிடங்கு கட்டுவது சட்டத்தின் பார்வையில் பொருந்தாத கட்டுமானம். அனுமதி வேண்டுமென்றால் பசுமை வளையத்துக்கு நேரும் கெடுதியைத் தெளிவாக மிஞ்சும் 'மிகச் சிறப்பான சூழ்நிலை' இருப்பதாக நிரூபிக்க வேண்டும். கிடங்கு கட்ட எல்லா டெவலப்பருக்கும் ஆசை இருக்கும். அது சிறப்பான சூழ்நிலை ஆகாது. ஊருக்கு மைதானம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வசதி, நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கிளப்பின் எதிர்காலம், பழைய சுரங்க மாவட்டத்தில் வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால்தான் அந்த வாதம் எடை பெறும்.

யார்க்கோர்ட் ப்ராப்பர்டீஸ் நிறுவனம் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊரின் உள்ளாட்சி அமைப்பான வேக்ஃபீல்டு கவுன்சில் ஆதரித்தது. பசுமை வளையத்தில் இவ்வளவு பெரிய கட்டுமானம் என்றால் கவுன்சில் தன் போக்கில் அனுமதி கொடுத்துவிட முடியாது, மத்திய அமைச்சருக்கு அனுப்ப வேண்டும். அமைச்சர் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். பொது விசாரணை நடந்தது. பக்கத்து ஸ்டான்லி பகுதியில் எதிர்ப்பு இருந்தது. இருட்டுக் கொட்டகையில் ருபார்ப் என்ற தண்டுச் செடியை வளர்ப்பதற்குப் பேர்போன வட்டாரத்தின் ஓரம் அது, நிலத்தைப் பற்றி அங்கே சும்மா இருக்க மாட்டார்கள். விசாரணை அதிகாரியின் அறிக்கைக்குப் பிறகு 2012 டிசம்பரில் அனுமதி வந்தது.

கிடங்குகளுக்குப் பூட்டைத் திறந்துவிட்ட சாவி மைதானம்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பூட்டு திறந்த பிறகு சாவியைப் பத்திரமாக வைத்திருக்க யாருக்கு அக்கறை? அந்த அக்கறையை உண்டாக்கத்தான் பத்திரம்.

பத்திரம்

இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. டெவலப்பர் அனுமதிக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம், சாலை, பூங்கா, மைதானம் என்று ஏதாவது செய்வதாக நிலத்தோடு சேர்த்துக் கட்டுப்படலாம். வழக்கமாகக் கவுன்சிலும் டெவலப்பரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தமாக இருக்கும். டெவலப்பர் மட்டும் தன் பக்கத்திலிருந்து கொடுக்கும் ஒருதலை உறுதிப் பத்திரமாகவும் இருக்கலாம். நியூமார்க்கெட்டில் இரண்டாவது வகை. வளர்ச்சிப் பகுதியில் 60,000 சதுர மீட்டர் கட்டடம் எழுந்தால் மைதானக் கடமை உயிர்பெறும் என்பது அதன் மையம். மைதானத்தைப் பெற்று நடத்துவதற்கு, ரக்பி லீக் அமைப்பின் தலைவராக இருந்த சர் ராட்னி வாக்கர் தலைமையில் ஒரு சமுதாய அறக்கட்டளை இருந்தது. டிரினிட்டி அந்த மைதானத்தில் வாடகைக் குடியிருப்பாளர்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. கிடங்குகளை விற்றோ வாடகைக்கு விட்டோ வரும் லாபத்தில்தான் மைதானம் கட்டியாக வேண்டும். முதல் நாளே கட்டு என்றால் டெவலப்பரிடம் பணம் இருக்காது, வங்கியும் கொடுக்காது. ஆகவே இவ்வளவு கட்டிய பிறகு என்று ஓர் அளவு வைப்பது நடைமுறை. அந்த அளவை எப்படி எண்ணுவது என்பதில்தான் எல்லாம் போயிற்று.

நெதர்லாந்தின் நியூகோல்டு நிறுவனத்துக்காக அங்கே ஒரு மாபெரும் தானியங்கிக் குளிர்பதனக் கிடங்கு எழுந்தது. அது 2012 அனுமதியின் கீழ் எழவில்லை. தனியாக ஒரு விண்ணப்பம் போட்டு, தனி அனுமதி வாங்கி, அதன்படி கட்டினார்கள். அதே நிலம், அதே சாலை, அதே சந்திப்பு. ஆனால் பத்திரம் பேசியது 2012 அனுமதியை ஒட்டிய கட்டுமானத்தைப் பற்றி. ஆகவே நியூகோல்டின் பரப்பளவு 60,000 கணக்கில் சேராது என்பது கவுன்சிலின் நிலை. சேர்ந்தே ஆக வேண்டும், எல்லாரும் மனதில் வைத்திருந்தது அதைத்தான் என்பது கிளப்பும் அறக்கட்டளையும் ரசிகர்களும் சொன்னது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டால் விபரீதம் புரியும். பழைய அனுமதியில் 40,000 சதுர மீட்டர், புது அனுமதியில் 30,000 கட்டியாயிற்று என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரிவது 70,000. பத்திரத்தின் கண்ணுக்கு 40,000 மட்டும். இன்னொரு வாடிக்கையாளர் வருகிறார், அவருக்கும் தனி விண்ணப்பம். நிலம் முழுக்க நிரம்பினாலும் பத்திரத்தின் கணக்கு நகராமலே நிற்கலாம். இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. பெரிய நிறுவனங்களுக்கு அவரவர் அளவுக்கும் உயரத்துக்கும் ஏற்ற கட்டடம் வேண்டும், அதற்கு முழு விண்ணப்பம் தனியாகப் போடுவது அன்றாட வேலை. இப்படி அன்றாடம் நடக்கக்கூடிய ஒன்றை ஷரத்து எழுதும்போதே யோசித்து, 'இந்த நிலத்தில், எந்த அனுமதியின் கீழ் கட்டினாலும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். வக்கீலுக்கு அரை மணி நேர வேலை.

கவுன்சில் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். தனி விண்ணப்பம் வந்தால் அதை அதன் தகுதியில்தான் பரிசீலிக்க முடியும். வேலை தரும் ஒரு கட்டடத்தை 'மைதானம் எங்கே' என்று கேட்டு நிராகரித்தால் மேல்முறையீட்டில் நிற்காமல் போகலாம். இது சரிதான். ஆனால் அந்தப் புது அனுமதியோடும் ஒரு 106 கடமையைக் கட்டியிருக்கலாமே என்ற கேள்விக்கு இந்த வாதம் பதில் சொல்வதில்லை. பசுமை வளையத்தில் இருந்த தடை தளர்ந்ததே மைதானத்தால்தான் என்னும்போது, அடுத்து வரும் ஒவ்வொரு கட்டடமும் அந்தக் கடனில் பங்கு சுமக்க வேண்டும் என்று சொல்ல கவுன்சிலுக்கு வலுவான அடிப்படை இருந்தது என்றே நினைக்கிறேன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 106 கடமையை நீதிமன்றத்தில் அமல்படுத்தும் உரிமை திட்ட அனுமதி வழங்கும் உள்ளூர் அமைப்புக்கு, அதாவது கவுன்சிலுக்கு மட்டும். கிளப்புக்கு இல்லை. ரசிகர் மன்றத்துக்கு இல்லை. யாருக்காக மைதானமோ அவருக்கு அந்தப் பத்திரத்தில் இடம் கிடையாது. டிரினிட்டி செய்ய முடிந்ததெல்லாம் கவுன்சிலை நச்சரிப்பது, பத்திரிகையில் பேசுவது, ஊர்வலம் போவது. கூடவே இன்னொரு வழியும் சட்டத்தில் திறந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகள் ஆனால், அந்தக் கடமை இனி எந்தப் பயனும் தரவில்லை என்று சொல்லி அதை மாற்றவோ நீக்கவோ டெவலப்பர் விண்ணப்பிக்கலாம். காலம் எப்போதும் நிலம் வைத்திருப்பவன் பக்கம்.

வாடகை வீட்டுக்காரன்

இதற்கு நடுவே பெல் வ்யூவும் கையில் இல்லை. கிளப் கடனில் விழுந்தபோது மைதானமும் கைமாறி, டிரினிட்டி தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தது. வாடகைக்கு இருப்பவன் மேற்கூரை போடுவானா? புது மைதானம் வரப்போகிறது என்ற பேச்சு நடக்கிற காலத்தில் பழையதில் பணம் போடுவது முட்டாள்தனமாகத் தெரியும். போடாமல் விட்டால் அது இன்னும் இடியும். நியூமார்க்கெட் கொடுத்த மிகப் பெரிய நஷ்டம் இதுதான் என்பது என் கணிப்பு. வராத மைதானத்துக்குக் காத்திருந்த வருஷங்களில் இருக்கிற மைதானம் வீணாயிற்று. 2017 வாக்கில் பெல் வ்யூவையே விட்டுவிட்டுப் பக்கத்து ஊரான ட்யூஸ்பரியின் மைதானத்தில் இடம் கேட்டுப் போகும் அளவுக்கு நிலைமை வந்தது. பிறகு எப்படியோ தங்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும். நியூமார்க்கெட் மைதானம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? நகரத்தை விட்டு மைல்கள் தள்ளி, நெடுஞ்சாலைச் சந்திப்பில், கிடங்குகளுக்கு நடுவே. கார் இல்லாதவர் எப்படிப் போவார்? அன்றைய கூட்டத்தை வைத்துப் பார்த்தால் 12,000 பேர் கொள்ளும் இடத்தில் பாதி நிறைவதே பெரிது. அதுவும் அறக்கட்டளையின் மைதானத்தில் குடியிருப்பாளராக. உரிமத் தேர்வுக்கு என்ன அளவு நன்றாகத் தெரியும் என்பதை வைத்து மைதானத்தின் அளவை முடிவு செய்யும்போது இப்படித்தான் ஆகும்.

பணமா, செங்கல்லா

பக்கத்தில் யார்க் நகரம் வேறு வழியில் போனது. மாங்க்ஸ் க்ராஸில் வணிக வளாகம் கட்ட 2012-இல் அனுமதி கொடுத்தபோது டெவலப்பரிடம் மைதானம் கட்டித் தரச் சொல்லவில்லை. சுமார் 1.5 கோடி பவுண்டைப் பணமாகவே கவுன்சில் பக்கம் வரவைத்தார்கள். வளாகம் 2014-இல் திறந்தது. யார்க் சிட்டி கால்பந்து அணியும் யார்க் நைட்ஸ் ரக்பி லீக் அணியும் பகிர்ந்துகொள்ளும் 8,500 இருக்கை மைதானம் 2021-இல்தான் திறந்தது. டெண்டர், ஒப்பந்ததாரர், செலவு உயர்வு என்று ஏழு வருஷத் தாமதம். பணம் கையில் இருந்தும் இத்தனை இழுபறி. ஆனால் கட்டி முடித்தார்கள், அதுதான் வித்தியாசம். டெவலப்பரின் அட்டவணையோடு கட்டப்படாத பணம் கவுன்சிலிடம் இருந்தது, தாமதித்தாலும் கரைந்துபோகவில்லை.

அரசியல் கைமாறினால் என்னாகும் என்பதற்கு வொர்க்கிங்டன். கடலோர கம்ப்ரியாவில் உள்ள அந்த ஊரில் கால்பந்து, ரக்பி லீக் அணிகள் சேர்ந்து ஆட ஒரு மைதானம் திட்டமிட்டார்கள். ரக்பி லீக் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடப்பதாக அறிவிப்பும் வந்தது. 2019 உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சில் நிர்வாகம் மாறியது. திட்டம் கைவிடப்பட்டது, உலகக் கோப்பையும் போயிற்று. அதற்கு மேல் அதில் அலச ஒன்றுமில்லை.

திரும்பவும் டான்காஸ்டர் சாலை

2019-இல் கவுன்சிலின் ஆதரவோடு பெல் வ்யூவை மீட்கும் ஏற்பாடு நடந்தது. அதற்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் பழைய ஸ்டாண்டை இடித்துவிட்டுப் புதிது கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் நீல் ஃபாக்ஸ். ஸ்டாண்ட் எழும்பிக்கொண்டிருந்த 2023-இல் அணி சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்து, 25 சீசன்களுக்குப் பிறகு கீழே இறங்கியது. உள்ளூர்த் தொழிலதிபர் மேட் எல்லிஸ் கிளப்பை வாங்கினார். அவருடைய கிச்சன் நிறுவனத்தின் பெயரில் மைதானத்துக்கு டிஐஒய் கிச்சன்ஸ் ஸ்டேடியம் என்று இப்போது பெயர்ப்பலகை. 2024-இல் இரண்டாம் நிலை லீக்கில் எல்லாவற்றையும் அள்ளினார்கள். கிராண்ட் ஃபைனலில் பிரான்ஸின் துலூஸ் அணியை 36–0 என்று தோற்கடித்தார்கள்.

அதைவிட முக்கியம் அந்த அக்டோபரில் வந்த மதிப்பெண். சூப்பர் லீக்கில் 2025 சீசனுக்கான இடங்கள் முடிவானது ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனம் வகுத்த தரப்படுத்தலின்படி. மொத்தம் 20 புள்ளி. ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகப் பணிக்கு 2.5. பதினைந்தைத் தொட்டால் ஏ தரம். டிரினிட்டி ஏ தரம் பெற்று 2025-க்குத் திரும்பியது, அந்த ஆண்டு ஆறாம் இடமும் பிடித்தது.

மைதானத்துக்கான அந்த 3 புள்ளியை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வசதிகளுக்கு, பெரிய திரைக்கு, எல்இடி விளம்பரப் பலகைக்கு மார்க் உண்டு. மைதானக் கொள்ளளவில் எவ்வளவு சதவீதம் நிறைகிறது என்பதற்கு மார்க் உண்டு. மைதானத்தின் மீது கிளப்புக்கு முதன்மை உரிமை இருக்கிறதா என்பதற்கும் உண்டு. பத்து வருஷம் ஊரே அழுது கேட்ட பாதி காலியான 12,000 பேர் மைதானமும் குடியிருப்பாளர் அந்தஸ்தும் இந்தக் கடைசி இரண்டிலும் கையைக் கடித்திருக்கும். நிறைந்து வழியும் சின்ன சொந்த மைதானம் அங்கே ஜெயிக்கிறது.

இதே கவுன்சில் எல்லைக்குள், சில மைல் தூரத்தில், காசில்ஃபோர்டு டைகர்ஸ் கிளப்புக்கும் இதே கதை வேறு பெயர்களில் ஓடியது. முதலில் கிளாஸ்ஹௌட்டனில் புது மைதானம் என்றார்கள். பிறகு எம்62-இன் 32-ஆம் சந்திப்பை ஒட்டிப் பெரிய கடைவீதி வளாகத்தோடு சேர்த்து ஒரு மைதானம். கடைகளின் காலம் இணைய வணிகத்தில் போய்விட, அந்த வளாகத் திட்டமும் கிடங்குத் திட்டமாக மாறியது. ஆனால் இந்த முறை பேரத்தில் புது மைதானம் இல்லை. 1920-களிலிருந்து அவர்கள் ஆடிவரும் வெல்டன் சாலை மைதானத்தைச் சீரமைக்கப் பணம் என்று கேட்டார்கள்.